ஏழாவது காரணம்

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் ஹெலிகொப்டர் இறங்க இரண்டு பெண்கள் வேண்டும். பழைய துரை பங்களாவைக் கம்பனி சுற்றுலா விடுதியாக மாற்றிய பிறகு வந்த ஏற்பாடு இது. கொழும்பிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் அக்கரப்பத்தனை ரோட்டில் ஆறு மணித்தியாலம் குலுங்கிக்கொண்டு வருவார்களா? பறந்து வந்து தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் இறங்குவார்கள். அவர்கள் வரும் நாட்களில் மைதானத்தில் ஒருத்தியும், மேலே இரண்டு மலைக்கு நடுவிலுள்ள இடுக்கில் ஒருத்தியும் நின்று, பனிமூட்டம் இருக்கிறதா இல்லையா என்று போனில் சொல்ல வேண்டும். மைதானத்தில் நின்றவள் நாகலெட்சுமி. இடுக்கில் நின்றவள் அம்மாக்கண்ணு.

இருவருக்கும் ஒரே லயம், அந்த நீள வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பரா. ஒரே வருஷத்தில் வேலைக்குப் பேர் பதிந்தவர்கள், இருபது வருஷமாக அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். அம்மாக்கண்ணு புருஷனை இழந்தவள். அவளுக்கு இருப்பது ஏ.எல். உயர்தர வகுப்புப் படிக்கும் மகள் பிரியந்தி ஒருத்திதான். நாகலெட்சுமிக்குப் பிள்ளை இல்லை. புருஷன் கொழும்பில் ஏதோ கடையில் நிற்கிறான், தீபாவளிக்கும் தேர்தலுக்கும் தலைகாட்டுவான். அதனால் பிரியந்திக்கு இரண்டு வீடு. எந்த அடுப்பில் குழம்பு வாசனை நன்றாயிருக்கிறதோ அந்த வாசலில் நுழைவாள்.

ஹெலிகொப்டர் ஓட்டிய கெப்டன் ரணவீர முதல் தடவை வந்தபோது இந்த இரண்டு பெண்களையும் இடுக்குக்கு நடத்திக் கூட்டிப்போனார். நரைத்த மீசை, கனத்த உடம்பு, ஏறும்போது நாலு தடவை நின்று மூச்சு வாங்கினார். மேலே பாறையில் உட்கார்ந்து அவர்கள் கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சிங்களமும் தமிழும் கலந்து பாடம் நடத்தினார். கீழே மைதானத்திலிருந்து பார்த்தால் இடுக்கின் இந்தப் பக்கம்தான் தெரியும், அந்தப் பக்கம் தெரியாது. அந்தப் பக்கத்து மூட்டத்துக்குள் அவர் நுழைந்துவிட்டால் திரும்புவதற்கு இடம் கிடையாது. ஆகவே இரண்டு பேரும் தனித்தனியாக அவருக்கே போன் எடுக்க வேண்டும். "ஒருத்தருக்காக மத்தவங்க சொல்றது நமக்கு வேணாம். அக்கா தங்கச்சின்னாலும் வேணாம்," என்றார். ஒருத்தி இல்லையென்றால் அவர் வரமாட்டார். இரண்டு தடவை அப்படித் திரும்பியும் போயிருக்கிறார்.

அது நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. பிறகு விடுதிக்கு டக்ளஸ் மனேஜராக வந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா? பறக்கிற மனுஷன் எதற்கு இரண்டு பொம்பிளைகளோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டார். அம்மாக்கண்ணு நாகலெட்சுமியிடம் சொல்ல வேண்டும், நாகலெட்சுமி இரண்டையும் சேர்த்து டக்ளசிடம் சொல்ல வேண்டும், டக்ளஸ் கெப்டனிடம் சொல்வார். இதுதான் ஒழுங்கு என்றார். கெப்டன் கொஞ்ச நாள் முணுமுணுத்தார். பிறகு அவரும் பழகிப்போனார். பெண்கள் இருவரும் "சரிங்க சேர்" என்றார்கள். தோட்டத்தில் மேலே இருந்து ஒரு பேச்சு வந்தால் அதற்குப் பதில் அந்த ஒரு வார்த்தைதான், நூற்றைம்பது வருஷமாக வேறு வார்த்தை யாருக்கும் பழக்கமில்லை.

இன்னொரு பழக்கமும் அங்கே உண்டு. ஒருத்தியின் கூடையில் கொழுந்து குறைந்தால் நிறுக்கிற இடத்துக்கு வருமுன் பக்கத்து நிரைக்காரி தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டுவிடுவாள். இல்லாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் வேலை செய்ததாகத்தான் கணக்கு. ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்க லயத்துக்கு ஓடினால் அவள் நிரையையும் சேர்த்து மற்றவள் எடுப்பாள். கங்காணி கேட்டால் "இப்பத்தாங்க அந்தப் பக்கம் போனா" என்பாள். இதையெல்லாம் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்கிற அளவுக்கு விடுவது மரியாதையில்லை. இந்தக் கைமாற்று இல்லாவிட்டால் அந்த மலையில் எந்தப் பெண்ணும் ஒரு மாசம் தாக்குப்பிடித்திருக்க மாட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் அம்மாக்கண்ணு நாகலெட்சுமியை ஓரமாக இழுத்தாள். பிரியந்தியின் அடையாள அட்டைக்குக் கிராம சேவகர் கையெழுத்து வேண்டும். பரீட்சைக்கு அட்டை இல்லாமல் போக முடியாது. மூன்று தடவை போய் மூன்று தடவையும் அவர் இல்லை. இன்றைக்குக் கட்டாயம் இருப்பாராம், இன்றைக்கு விட்டால் விண்ணப்பம் நேரத்துக்குப் போய்ச் சேராதாம்.

"கண்டாக்கையாகிட்ட சொல்லிட்டுப் போறேன்டி. பேர வெட்டுனா வெட்டட்டும். இடுக்குக்கு வேற யாரையாச்சும் அனுப்புவாங்கள்ல."

"பேர வெட்டுறதோட விடுவாரா? ஹெலிகொப்டர் வர்ற நாள்ல லீவு கேட்டான்னு இந்த வேலையவே புடுங்கிருவாரு," என்றாள் நாகலெட்சுமி. "வானத்தப் பாரு, கழுவி விட்ட மாதிரி இருக்கு. நீ போ. நான் சொல்லிக்கிறேன்."

"வேணான்டி. கெப்டன் மாத்தியா அன்னைக்கு அவ்வளவு சொன்னாரே."

"கெப்டன் மாத்தியாவா வந்து ஒம்மகளுக்குக் கையெழுத்துப் போடப்போறாரு? போடி, பஸ் போயிரும்."

அம்மாக்கண்ணு அரை மனதோடு நின்றாள். நாகலெட்சுமி அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகில் செல்லமாக ஒன்று வைத்து அனுப்பினாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா யோகேஸ்வரன் பத்தடி தூரத்தில் நின்றார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நாள் பேரும் சம்பளமும் போயிருக்கும், அவ்வளவுதான். இடுக்குக்கு வேறொருத்தி ஏறியிருப்பாள்.

ஒன்பது மணிக்கு டக்ளஸ் போன் எடுத்தார். அன்றைக்கு வருகிறவர்கள் பங்களாவில் நடக்கும் கல்யாணத்துக்கு வருகிற தம்பதி. ஏற்கெனவே பிந்திவிட்டது, அவர் குரலில் அவசரம் இருந்தது.

"மைதானம்?"

"நல்லா தெரியுதுங்க சேர்."

"இடுக்கு? அம்மாக்கண்ணு என்ன சொல்றா?"

நாகலெட்சுமி அண்ணாந்து பார்த்தாள். இடுக்கில் வெயில் விழுந்திருந்தது. பாறையில் முளைத்த புல்கூடத் தெரிந்தது.

"தெரியுதாங்க சேர். ரெண்டு பக்கமும் தெரியுதாம்."

சொன்ன அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு உறுத்தலும் இல்லை. இருபது வருஷமாகப் பக்கத்துக் கூடையில் போட்ட இரண்டு கைக் கொழுந்துபோல அதுவும் சுலபமாக வந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் மலைக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. சத்தம் நெருங்கியது. பிறகு அது ஏதோ தடுமாறியது, ஒரு மாதிரி இழுத்தது, நின்றுவிட்டது. மைதானத்தில் ஹெலிகொப்டருக்குக் காட்டும் கொடியைப் பிடித்துக்கொண்டு அவள் இன்னும் கொஞ்ச நேரம் இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் அப்படியே இருந்தது.

மேல்மலையில் கொழுந்தெடுத்தவர்கள்தான் முதலில் ஓடினார்கள். இடுக்கின் அந்தப் பக்கம் எதிரே நிற்கிற ஆள் தெரியாத மூட்டமாம். இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து, அதில் கிடத்தி, மூன்று பேரையும் ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். கல்யாணத்துக்கு வந்த இரண்டு பேருக்கும் எலும்பு முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை. கெப்டன் வழியிலேயே போய்விட்டார். அவரைத் தூக்கி வந்த படங்கின் ஒரு மூலையை நாகலெட்சுமியும் பிடித்திருந்தாள், மைதானத்திலிருந்து ஓடிவந்து. அவர் மீசையில் மண் ஒட்டியிருந்தது. தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள். யாரோ விலக்கும் வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து விசாரணைக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் தமிழ் பேசியவர் சுதாகரன். நாகலெட்சுமியைப் பங்களாவின் பின் அறையில் உட்கார வைத்து, தானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அந்தப் பங்களாவில் நாற்காலியில் உட்கார்ந்து அவள் குடித்த முதல் தேத்தண்ணி அது.

"பயப்பிடாதீங்கம்மா. நாங்க பொலிஸ் இல்ல. குற்றவாளி தேட வரல. இனிமே இப்படி ஒரு விபத்து நடக்கக்கூடாது, அதுக்குத்தான் காரணம் தேடுறோம். ஒரு விபத்துக்கு ஒரு காரணம் இருக்காது, பல காரணம் ஒண்ணாச் சேரும். எல்லாத்தையும் சொன்னீங்கன்னாத்தான் பாடம் படிக்கலாம்."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன, நல்ல மனிதர்தான். எல்லாவற்றையும் சொன்னாள். முன்பு இரண்டு போன் இருந்ததை, டக்ளஸ் அதை ஒன்றாக்கியதைச் சொன்னாள். லீவு கேட்டால் பேர் வெட்டுவார்கள் என்பதைச் சொன்னாள். அம்மாக்கண்ணு இடுக்கில் இல்லை, அவள் சொன்னதாகத் தான்தான் சொன்னேன் என்றாள். இதைச் சொல்லும்போது அழுதாள். சுதாகரன் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தார். எழுதியபடியே, தலையைத் தூக்காமல், சாதாரணமாக ஒன்று கேட்டார்.

"அப்போ, தனக்காகச் சொல்லச் சொல்லி அவங்க உங்களைக் கேட்டாங்க. அப்படித்தானே?"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவள் கேட்கவில்லை, வேண்டாம் என்றுதான் சொன்னாள், நான்தான் பிடித்துத் தள்ளினேன் என்று சொல்ல வேண்டும். நாகலெட்சுமியின் தொண்டை வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் கெப்டனின் சாவு முழுசாக அவள் தலையில் விழும். இரண்டு பேர் சேர்ந்து செய்ததென்றால் பாதி. அந்தப் பாதிக்கு ஆசைப்பட்டாள். தவிர, கேட்டவர் படித்தவர், கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்கிறார். அப்படிக் கேட்டால் சொல்வதற்கு அவளுக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான்.

"ஆமாங்க."

அடுத்து அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள். அவள் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள் என்று நாகலெட்சுமி கேட்கவில்லை. கேட்கப் பயம். அம்மாக்கண்ணுவும் சொல்லவில்லை. அன்று மாலையும் வழக்கம்போல் மிளகாய் கடன் வாங்க வந்தாள், வாங்கிக்கொண்டு போனாள். ஐந்து மாசம் அப்படித்தான் போனது. ஹெலிகொப்டர் வரவில்லை, இருவரும் திரும்பக் கொழுந்தெடுக்கப் போனார்கள், பிரியந்திக்கு அட்டை வந்தது. நாகலெட்சுமிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

பிறகு ரிப்போர்ட் வந்தது. இணையத்தில் போட்டிருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி, பிரியந்தி தன் போனில் எடுத்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாக்கண்ணு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்க, நாகலெட்சுமி படியில் உட்கார்ந்திருக்க, பிரியந்தி ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் பக்கத்திலேயே, இந்த அறிக்கை யார்மீதும் பழி சுமத்துவதற்கல்ல என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததாம். மொத்தம் ஒன்பது காரணம். மூட்டம். கெப்டன் தக்க நேரத்தில் திரும்பாதது. பிரயாணிகளின் அவசரம். நாலாவது, தனித்தனியாக இருந்த இரண்டு தகவலையும் விடுதி நிர்வாகம் ஒரே வழியாக்கியது. அதற்குப் பிறகு காற்றையும் கருவிகளையும் பற்றி இரண்டு.

"ஏழாவது," என்றாள் பிரியந்தி. "ரெண்டாவது அவதானிப்பாளர், சொந்தக் காரணத்துக்காக வேலையிடத்த விட்டுப் போயிருந்தாரு. தனக்குப் பதிலாத் தகவல் சொல்லும்படி முதலாவது அவதானிப்பாளர்கிட்ட அவரே கேட்டு…"

அவள் நிறுத்திவிட்டாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாக்கண்ணுவின் கை கீரையில் நின்றது. நாகலெட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது தன்னைக் கன்னத்தில் அறைந்தால் நன்றாயிருக்கும் என்று இருந்தது அவளுக்கு.

"ஏன் நிப்பாட்டுன? அடுத்ததப் படி," என்றாள் அம்மாக்கண்ணு.

மற்ற இரண்டும் நாகலெட்சுமி காதில் விழவில்லை. லீவு கேட்டால் பேர் வெட்டுகிற கதை ஒன்பதிலும் இல்லையென்பது மட்டும் தெரிந்தது. சுதாகரன் அதையும் எழுதிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவள் அவள். எந்த மேசையில் அது உதிர்ந்து போனதோ. கடைசியில் பாடமும் போட்டிருந்தார்கள்: இடுக்கில் ஒரு கமரா பொருத்த வேண்டுமாம், திரும்பவும் இரண்டு தகவலும் தனித்தனியாகப் போக வேண்டுமாம். கெப்டன் பாறையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் அறுபது பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

பழி சுமத்துவதற்கல்ல என்று எழுதியவர்கள் கொழும்பில் இருந்தார்கள். தோட்டத்தில் இருந்தவர்கள் அந்த ஒன்பதில் தங்களுக்குத் தோதான ஒன்றைப் பொறுக்கிக்கொண்டார்கள். அடுத்த வாரமே அம்மாக்கண்ணுவுக்குக் கடிதம் வந்தது, ஏழாவது காரணத்தை அப்படியே எழுதி, இனி வேலையில்லை என்று. நாலாவது காரணத்துக்கு யாருக்கும் கடிதம் வரவில்லை. டக்ளஸ் வழக்கம்போல் வெள்ளைச் சட்டையோடு மைதானத்தில் நின்று கமரா கம்பம் எங்கே நட வேண்டுமென்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாக்கண்ணு கடிதத்தை மடித்து அரிசித் தகரப் பேணிக்கடியில் வைத்தாள். இரண்டு நாள் கழித்து நாகலெட்சுமியிடம் வந்தாள்.

"கொழும்புல ஒரு வீட்ல சமையலுக்கு ஆள் கேக்குறாங்க. தங்கி வேல செய்யணும். வெள்ளிக்கிழம போறேன். பிரியந்தி ஒங்கிட்ட இருக்கட்டும். பரீட்ச முடியட்டும், அப்புறம் பாப்போம்."

அவ்வளவுதான் சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவில்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் நாகலெட்சுமி தப்பித்திருப்பாள்.

மறுநாள் அவள் சுதாகரனுக்குப் போன் எடுத்தாள். விசாரணையன்று அவர் போன் நம்பரோடு கொடுத்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தாள். அம்மாக்கண்ணு கேட்கவில்லை சேர், நான்தான் வற்புறுத்தினேன், நான் பொய் சொல்லிவிட்டேன் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"புரியுதும்மா. ஆனா யார் கேட்டாங்க, யார் வற்புறுத்தினாங்கன்னு பாத்தா விபத்தோட காரணம் மாறாது. அவங்க அங்க இல்ல, நீங்க இருக்கிறதாச் சொன்னீங்க. எங்களுக்கு அதுதான் முக்கியம்."

"அவள வேலய விட்டு நிப்பாட்டிட்டாங்க சேர்."

"அதுக்காக நாங்க அறிக்கை எழுதலம்மா," என்றார். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில் கண்டாக்கையா பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "நாகலெட்சுமி" என்றதும் அவள் பதில் சொல்லாமல் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். எண்பது பேருக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாக்கண்ணு லீவு சொல்லத்தான் வந்தாள், நான்தான் தடுத்தேன். அவள் வேண்டாமென்றாள், நான்தான் அனுப்பினேன். விசாரணையில் நான் பொய் சொன்னேன். அவளைத் திரும்ப வேலைக்கு எடுங்கள்.

யோகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை, வேலைக்குப் பயந்த மனிதர்.

"ஏம்மா நாகலெட்சுமி, இத எனக்கிட்ட தனியா வந்து சொல்லக்கூடாதா? இத்தன பேருக்கு முன்னால சொல்லிட்ட, நான் இப்ப மேல சொல்லாம இருக்க முடியுமா?"

மேலே சொன்னார். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முதல் நிறுவை வருமுன்னே முடிவு வந்துவிட்டது. அம்மாக்கண்ணு எப்படியும் வேலையிடத்தில் இல்லை, ஆகவே அவள் கடிதம் கடிதம்தான். விசாரணைக்குப் பொய் சொன்ன நாகலெட்சுமிக்கும் இன்றோடு வேலையில்லை. கையெழுத்து வைக்கச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். வைத்தாள். வைக்கும்போது, ஏனென்று யாருக்குத் தெரியும், ஐந்து மாசத்துக்குப் பிறகு அவளுக்கு முதல்தடவையாகப் பசித்தது.

அந்த லேசான நெஞ்சோடுதான் லயத்துக்கு ஓடினாள். அம்மாக்கண்ணு பஸ்ஸுக்குத் தயாராக, துணிப் பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். பிரியந்தி உள்ளே புத்தகங்களை நாகலெட்சுமி வீட்டுக்குக் கொண்டுபோக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன் அம்மாக்கண்ணு. பெரட்டுல வச்சு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டேன். நீ கேக்கல, நான்தான் அனுப்புனேன்னு சொல்லிட்டேன்."

அம்மாக்கண்ணு அவளை உற்றுப் பார்த்தாள். "என்ன சொன்னாங்க?"

"ஒன்ன எடுக்க மாட்டாங்களாம்." நாகலெட்சுமியின் குரல் இறங்கியது. "என்னையும் நிப்பாட்டிட்டாங்க."

அம்மாக்கண்ணு அப்படியே படியில் உட்கார்ந்தாள். அடிபட்டவள்போல அல்ல, நெடுந்தூரம் சுமை தூக்கி வந்து இறக்கியவள்போல உட்கார்ந்தாள்.

"அந்த சேர் எங்கிட்டயும் கேட்டாரு நாகு. நீங்கதான் அவங்களச் சொல்லச் சொன்னீங்களான்னு. நீ ஆமான்னு சொல்லிட்டன்னு அவரு கேட்ட விதத்துலயே வெளங்கிருச்சு. நானும் ஆமான்னேன். ஏன் தெரியுமா? இல்லன்னு சொன்னா ஒன் பொய்யும் வெளிய வந்து ஒன்னையும் நிப்பாட்டிருவாங்க. ரெண்டு பேருக்கும் வேல போனா காம்பராவும் போயிரும், எம்புள்ள எங்க நிக்கும்? ஒருத்தியாச்சும் பேரோட இருந்தா ஒரு அடுப்பு எரியும், அவ படிச்சிருவா. அஞ்சு மாசமா இதத்தான் முழுங்கிக்கிட்டு இருந்தேன். ஒன்ன ஒரு வார்த்த கேட்டனா?"

நாகலெட்சுமி வாசலில் இருந்த துணிப் பையைப் பார்த்தாள்.

"ஒன் நெஞ்சு லேசாகணும்னு அந்த ஒரு அடுப்பையும் அணைச்சிட்டு வந்து நிக்கிற." அம்மாக்கண்ணு எழுந்தாள். "அன்னைக்கும் நான் ஒன்னக் கேக்கல. இன்னைக்கும் கேக்கல."

பிறகு வீட்டுக்குள் திரும்பி, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"பிரியந்தி, பொஸ்தகத்த அங்கயே வையி. ஒன் உடுப்ப எடு. ரெண்டு பேருமாத்தான் போறோம்."